சனிக்கிழமை மிச்சம்

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. மாடிக்கு ஏறி இறங்கிக் கால் வலி. பிரபுவைப் போகச் சொன்னால் படுத்தபடியே காலை ஆட்டுகிறான். அண்ணன் என்று பெயர். எட்டி ஒரு உதை விடலாம் போல இருந்தது.

மதியத்துக்கு முன்னால் மெயில். கிடைத்துவிட்டது! முனைவர் பட்டத்துக்கு மத்திய அரசு உதவித்தொகை. நாட்டின் பாதுகாப்பு பற்றி ஆய்வு செய்கிறவர்களுக்கு மட்டும் கொடுப்பது. டெல்லியில் இடம், செப்டம்பரில் சேர வேண்டும். கடைசி வரி: ‘போலீஸ் சரிபார்ப்புக்கு உட்பட்டது’. அது எல்லாருக்கும் உள்ளதுதான்.

என் தலைப்பு: பொதுமக்கள் தொழிலில் புழங்கும் வெடிபொருள்களும் உள்நாட்டுப் பாதுகாப்பும். சென்னையில் நேர்காணல் நடந்தபோது ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் கேட்டார், ஏவுகணை, எல்லை என்று எடுக்காமல் ஏன் பட்டாசு? “எல்லையில் எப்போதாவதுதான் சார் வெடிக்கும். எங்கள் ஊரில் சீசனுக்குச் சீசன் வெடிக்கும். அதை யாரும் பாதுகாப்புப் பிரச்சினை என்று எழுதுவதில்லை” என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொல்லிவிட்டேன். அவர் சிரித்தார். அப்போதே தெரியும், கிடைக்கும் என்று.

அப்பா போனை வாங்கிக்கொண்டு போய்த் தெரு முழுக்கக் காட்டினார். “எம் மகளுக்கு ராணுவத்துல வேல” என்று ஒருவரிடம். திருத்தப் போனேன், விட்டுவிட்டேன். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம் பார்த்து எத்தனையோ நாள்.

அம்மா: “டெல்லியில யாரு வீட்டுல தங்குவ?”
பிரபு: “வெடி போடுற வீட்டுல பொறந்துட்டு வெடியப் பத்திப் படிக்க டெல்லியா? எங்கிட்ட கேளு, இங்கனயே சொல்லித் தாரேன்.”

செய்ய வேண்டியவை: சான்றிதழ் நகல். கம்பளி. பல் டாக்டர். நாளை அப்பாவின் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் அறைகளின் வரைபடம் போட வேண்டும், முதல் அத்தியாயத்துக்கு.

ஆகஸ்ட் 9, சனி

கன்னம் வீங்கியிருக்கிறது. எழுதிவிட்டால் தூங்கலாம்.

அப்பாவோடு காரில் கம்பெனிக்கு. எம். புதுப்பட்டி தாண்டி, கரிசல் காட்டுக்கு நடுவில் எங்கள் அறைகள், தள்ளித் தள்ளி. தீபாவளி ஆர்டர் கழுத்தைப் பிடிப்பதால் எல்லா அறையிலும் ஆள். வெடிமருந்து கலக்கும் அறையில் ஈஸ்வரியக்கா. நான் பள்ளிக்கூடம் போகும் காலத்திலிருந்து எங்களிடம் வேலை பார்ப்பவர். கை முழுக்க அலுமினியப் பொடி, வெள்ளி நிறம்.

“என்ன பாப்பா, டெல்லிக்குப் போறீகளாம்ல? அங்கன குளிருக்கு மூக்கு ஒழுகுமாமே.”
“ஒழுகுனா தொடச்சுக்கிறேன்க்கா.”
“நல்ல மாப்பிள்ளையா ஒருத்தனப் பிடிச்சு மூக்கத் தொடைக்கச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

மூன்று மணிவாக்கில் மேகம் கறுத்துத் தூறல். தூறினால் வேலை நிற்கும். போர்மேன் கருப்பசாமி அண்ணன் (இனி க.சா.) மணி அடித்தார். கலக்கிய மருந்து நாலு தட்டில் மிச்சம். அன்றன்று மிஞ்சியதை அன்றைக்கே குழியில் கொட்டி அழிக்க வேண்டும். இது சட்டம். அதை விடுங்கள், இங்கே வேலைக்குச் சேர்ந்த மறுநாளே எல்லாருக்கும் தெரிகிற விஷயம். ஞாயிறு முழுக்கப் பூட்டிய அறையில் ஈரக் காற்றோடு கிடந்தால் தானாகவே சூடேறும்.

ஈஸ்வரியக்கா ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டார். அப்பா பார்த்தார். “இருக்கட்டுமே. திங்கக்கிழமை லோடு இருக்குல்ல.”

“ஈரக் காத்து மொதலாளி, கொட்டிருவோம்.”

அப்பா பையைத் தேடினார், போனைத் தேடினார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ.

“உங்களுக்கு மூளை இருக்காப்பா? இத உள்ள வச்சா கொலைன்னு தெரியாதா? நாலு தட்டு மருந்துக்காக ஆளக் கொல்லப் போறீங்களா?”

கத்தினேன். சம்பளம் வாங்க வரிசையில் நின்ற ஆள் பூராவும் திரும்பிப் பார்த்தது. யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

அப்பா நடந்து வந்து அறைந்தார். ஒரே அறை. காது ரீங்காரமிட்டது. “ரெண்டு எழுத்துப் படிச்சிட்டு எனக்கே தொழில் சொல்லித் தாறியா? ஏலே கருப்பசாமி, வைய்யி உள்ள. எல்லாத் தட்டையும். நாஞ் சொல்றேன், எவன் கொட்டுறான்னு பாக்கேன்.”

க.சா. ஈஸ்வரியக்கா கையிலிருந்து தட்டை வாங்கினார். அக்கா உடனே விடவில்லை. பிறகு விட்டார்.

வீட்டுக்கு பஸ்ஸில் வந்தேன். அவரோடு காரில் ஏறுவேனா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை பெய்யவில்லை, ஆனால் காற்றில் ஈரம். துணி காயவே இல்லை.

அப்பாவோடு பேச்சில்லை. மட்டன் எடுத்து வந்தார், எனக்குப் பிடித்த நல்லி எலும்பாக. என் தட்டில் வைத்தார். எடுத்து அவர் தட்டிலேயே திரும்பப் போட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினாள்.

க.சா.வுக்குப் போன் போட்டேன். பூட்டைத் திறந்து கொட்டிவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். “மொதலாளி சொல்லாம எப்பிடி பாப்பா? நேத்து அம்புட்டுப் பேரு முன்னாடி சொல்லிருக்காக. சாவியும் அவுக கையில.”

அப்பாவிடம் நானே போய் இறங்கிப் பேசலாமா என்று நினைத்தேன். அறைந்தது அவர். அவர் வரட்டும்.

பல் டாக்டர் இன்று இல்லை.

ஆகஸ்ட் 11, திங்கள்

வெடித்துவிட்டது.

காலையில், வேலை தொடங்கின கொஞ்ச நேரத்தில். நாலு பேர். ஈஸ்வரியக்கா. ஒரு புருஷன் பெண்டாட்டி. பாண்டியம்மாள் என்று வயதான ஒருவர். நாலு பேரும் ஆமத்தூர்ப் பக்கம் ஒரே தெரு.

பிரபுவோடு பைக்கில் போனேன். தூரத்திலேயே நெடி. அறை இருந்த இடத்தில் அறை இல்லை. பக்கத்து அறையின் சுவர் வெளிப்பக்கமாகப் படுத்துக் கிடந்தது. வேப்பமரத்தில் இலையே இல்லை, கிளையில் சேலைத் துணி. ஒரு கால், கொலுசோடு. தீயணைப்புக்காரர் என் தலையைப் பிடித்து வேறு பக்கம் திருப்பினார்.

ஒரு பெண் தரையில் அடித்து அடித்து அழுதாள். மண் வாயில் போனது, துப்பவில்லை.

க.சா. டீ வாங்க வாசலுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். உள்ளே ஓடப் பார்த்ததில் இடது கை முழுக்கத் தீக்காயம். தோல் உறை மாதிரி கழன்று தொங்கியது. அவர் அழவில்லை, கத்தவும் இல்லை, கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பா கார் இல்லை. ஆபீஸ் அறையில் அவர் செருப்பு மட்டும் கிடந்தது. வெடித்தால் முதலாளி ஓட வேண்டும், போர்மேன் மாட்ட வேண்டும், ஆஸ்பத்திரி வாசலில் பஞ்சாயத்து நடக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதற்கு யாரும் பாடம் நடத்துவதில்லை, ஆனால் எல்லாருக்கும் வரிசை மனப்பாடம்.

வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன். அம்மா பூஜை அறையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

பேப்பரில்: ‘உராய்வு காரணமாக’. எத்தனை வருஷமாக இதே சொல்! நாலு பேரைக் கொன்றது உராய்வு. அதற்கு அப்பன் ஆயி இல்லை, சாவி இல்லை, லோடு இல்லை. பேப்பரைக் கிழித்துப் போட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி பிணவறை வாசல். அம்மா போகாதே என்று வாசலில் மறித்தாள். போனேன். முக்காடு போட்டு ஓரமாக நின்றேன். நிவாரணம் அறிவிக்கும் வரை உடலை வாங்கமாட்டோம் என்று எல்லாரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நியாயம்தான். வாங்கிவிட்டால் அதோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள்.

பிரபு வக்கீலோடு வந்தான். வெள்ளைச் சட்டை. ஆட்களைத் தனித்தனியாகத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போய்ப் பேசினான். என்ன பேசினான் என்று கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் பேச்சில் புரிந்தது.

“ஈஸ்வரி தட்டத் தரையில போட்டு இழுத்துட்டாளாம்ல.”
“யாரு சொன்னா?”
“போர்மேனே சொல்லிட்டாராம். அவசரத்துல தரதரன்னு இழுத்தாளாம்.”
“அப்ப நம்ம ஆள் மூணு உசுரக் குடிச்சது அவதானா?”

ஈஸ்வரியக்காவின் புருஷன் முருகேசன் சுவர் ஓரம் குத்தவைத்திருந்தார். கட்டட வேலைக்காரர், கம்பெனிப் பக்கமே வராதவர். என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியும் முன்னால் முதல் செருப்படி விழுந்தது. பிறகு கூட்டமே விழுந்தது. ஹெல்மெட்டால் ஒருவன் முகத்தில் அடித்தான். கீழே விழுந்தவரை மிதித்தார்கள். நேற்று வரை ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். “ஒம் பொண்டாட்டி மூணு பேரக் கொன்னுட்டா, நீ இங்கன உக்காந்து காசு வாங்கப் போறியாலே?” அவர் தலையை மட்டும் கையால் மூடிக்கொண்டார். “இல்லண்ணே, இல்லண்ணே” என்றார். என்ன இல்லை என்று அவருக்கே தெரிந்திருக்காது.

நான் உள்ளே புகுந்தேன். யாரோ முழங்கையால் இடித்ததில் உதடு கிழிந்தது. போலீஸ் வந்து பிரித்தது. முருகேசனுக்கு ஒரு கண் திறக்கவில்லை.

பிரபு தூரத்தில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். கரண்ட் இல்லை.

தீக்காய வார்டுக்குப் போனேன். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். முதலாளி மகள் என்றதும் உள்ளே விட்டார். க.சா. கட்டிலில், கை பெரிய கட்டாக. என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார்.

“அண்ணே, ஈஸ்வரியக்கா இழுத்தாங்கன்னு சொன்னீங்களா?”

கட்டுப் போட்ட கையை ஒதுக்கிக்கொண்டார்.

“நீங்க வாசல்ல டீ வாங்கிட்டு இருந்தீங்க. இழுத்தத எப்படிப் பாத்தீங்க?”

“பாப்பா, மெதுவா.”

“சனிக்கிழமை கொட்டப் போனது அவங்க. தட்ட வாங்கி உள்ள வச்சது நீங்க.”

அப்போது கண்ணைத் திறந்தார். “ஆமா, நான்தான் வச்சேன். மொதலாளி சொன்னாக, வச்சேன். அதச் சொன்னா மொதலாளியும் உள்ள, நானும் உள்ள. எம் வீட்டுல மூணு பொம்பளப் புள்ளைக. செத்தவள ஜெயில்ல போடுவாகளா? அவளுக்கு இனிமே என்ன நட்டம்?”

“முருகேசன நேத்து மிதிச்சாங்க.”

“கேள்விப்பட்டேன்” என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மூக்கை உறிஞ்சினார். வலியா, அழுகையா, நான் கேட்கவில்லை. கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்தக் கையைப் பார்த்தால் முடியவும் இல்லை.

வீட்டில் பிரபு. சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ரசம் ஊற்றிப் பிசைந்தபடியே சொன்னான்: “ஆஸ்பத்திரிப் பக்கம் இனிமே ஒன்னயப் பாத்தா காலை ஒடிச்சிருவேன். ஊர் பூராவும் அவ கதைதான் பேசுது. நல்லாப் போயிட்டிருக்கு. நீ கெடுக்காத.”

“நல்லாவா?”

“பின்ன? செத்தவ ஒருத்தி. அவ பேரு என்னவா இருந்தா என்ன?”

கையில் சொம்பு இருந்தது. எறிந்தேன். நெற்றியில் பட்டுப் புருவத்தைக் கிழித்தது. ரத்தம் சாதத்தில் சொட்டியது. அவன் எழுந்து வந்து என் முடியைப் பிடித்துச் சுவரில் இடித்தான். ஒரு தடவை இல்லை. அம்மா நடுவில் விழுந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். “வேண்டாம்டா, ஒந் தங்கச்சிடா” என்று அலறினாள். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து, மூடியது.

அவனுக்குத் தையல். எனக்குப் பின்மண்டையில் எலுமிச்சம்பழ அளவு வீக்கம், அதன் மேல் கட்டு. எறிந்ததற்கு வருத்தம் கொஞ்சமும் இல்லை. குறி இன்னும் நன்றாக இருந்திருக்கலாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

தலைவலி மாத்திரை. காபி. மறுபடி மாத்திரை.

நிவாரணம் பேசி முடிந்து உடல்களைக் கொடுத்துவிட்டார்கள். ஆமத்தூர்ப் பக்கம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. அம்மா மட்டும் பார்த்தாள். தடுக்கவில்லை, பேசவும் இல்லை.

மூன்று பேருக்கு ஒரே ஊர்வலம், மேளம், மாலை. ஈஸ்வரியக்காவுக்குத் தனியாக. தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது என்று மறித்தார்கள். முருகேசனும் அக்காவின் தம்பிகள் இரண்டு பேரும் கெஞ்சினார்கள். “எங்க வீட்டு வாசல் வழியா அவ போகக் கூடாது. எங்க அம்மையக் கொன்னவ.” பாண்டியம்மாளின் மகன் சொன்னது. அவன் முகத்தைப் பார்த்தால் பொய்யாகக் கோபப்படுகிறவன் இல்லை. அம்மாவைப் பறிகொடுத்துவிட்டு யாரை அடிப்பது என்று தெரியாமல் நிற்கிறவன். அடிக்க ஓர் ஆளை என் அண்ணன் கை காட்டிக் கொடுத்திருக்கிறான்.

முதல் கல் ஆம்புலன்ஸ் கண்ணாடியில். பிறகு வரிசையாக. டிரைவர் இறங்கி ஓடினார். முருகேசன் கதவைத் திறந்து மனைவியைத் துணிக்கட்டோடு தூக்கினார். அந்தத் துணிக்கட்டுக்குக் கனமே இல்லை, அதுதான் பார்க்க முடியவில்லை. மச்சினன்மார் கை கொடுக்க, ஓடைக் கரை வழியாக, சீமைக்கருவேல முள்ளுக்குள் புகுந்து கொண்டுபோனார்கள். பின்னால் கல் வந்துகொண்டே இருந்தது. ஒன்று என் முதுகில். யார் எறிந்தது என்று திரும்பிப் பார்த்தேன். பாட்டி வயது ஒருத்தி, கையில் அடுத்த கல்லோடு.

மேளம் இல்லை. மாலை ஒன்றும் வழியில் முள்ளில் சிக்கிவிட்டது. நான் எடுத்துப் போனேன்.

முருகேசன் என்னைப் பார்த்தார். வீங்காத கண்ணால். “நீங்க மொதலாளி மகதான?”

“ஆமாண்ணே.”

“அவ அப்பிடிச் செய்யுறவ இல்ல. அடுப்புல சட்டிய எறக்குனாக்கூட சத்தம் கேக்காது. நீங்க அன்னைக்குக் கம்பெனியில இருந்தீகளாமே. ஞாயித்துக்கிழமை பூரா அதத்தான் பேசிட்டிருந்தா. ஒங்களுக்கு அடி விழுந்துருச்சேன்னு வருத்தப்பட்டா.”

ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. நான்! எதற்கெடுத்தாலும் வாய் திறக்கிறவள். மாலையை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வரும்போது கேள்விப்பட்டது: ஊரைக் காலி செய்யும்படி முருகேசனுக்குச் சொல்லியாயிற்று. போகாவிட்டால் வீட்டைக் கொளுத்துவார்களாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

பள்ளிக்கூட ஒலிபெருக்கியில் காலையிலிருந்து தேசபக்திப் பாட்டு. மண்டைக்குள் அடிக்கிறது.

அம்மா தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தாள். “விருதுநகருக்குப் போயிட்டு வா. மாமா கடைக்கு.” அப்போதுதான் அப்பா எங்கே என்று தெரிந்தது. மாமாவுக்கு மிளகாய் வத்தல் மொத்த வியாபாரம். பின்னால் சரக்கு அடுக்கும் பெரிய கிட்டங்கி.

பஸ்ஸில் பேராசிரியர் போன். என் வழிகாட்டி. பேப்பரில் பார்த்தாராம். நல்ல மனிதர், எனக்காகப் பயப்படுகிறார். “சரிபார்ப்பு முடியுற வரைக்கும் உன் பேர் எந்த வழக்கிலேயும் வரக் கூடாதும்மா. சாட்சியாகக்கூட. வெடிபொருள் ஆய்வு, வெடிபொருள் வழக்கு. மேலே இருக்கிறவங்க ரெண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பாங்க. ஒரு மாதம் அமைதியா இரு. அப்புறம் நீ எழுதப் போறதே இதைத்தானே?” சரி சார் என்றேன்.

மாமா ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே விட்டார். மூட்டை மூட்டையாக வத்தல். போனவுடனே தும்மல், இருமல். மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்து அப்பா. தாடி. கண் ரத்தச் சிவப்பு. நெடியால் பாதி, மீதி வேறு. சோற்றைப் பிசைந்தார், வாயில் வைக்கவில்லை.

“ஈஸ்வரிய எடுத்துட்டாகளா?”

“முள்ளுக்குள்ள கொண்டுபோய் எரிச்சாங்க. கல்லால அடிச்சாங்கப்பா.”

கை நின்றது.

“அவங்க மேல பழி போட்டது நீங்களா, பிரபுவா?”

“வக்கீலு சொன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஒண்ணும் சொல்லல.” இருமினார். ரொம்ப நேரம் இருமினார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல்: “நீ அன்னைக்கு ஆள் பூராவும் பாக்க அப்பிடிக் கத்தாம இருந்திருந்தா கொட்டச் சொல்லிருப்பேன் பாப்பா. சத்தியமா. ஈஸ்வரி தூக்கிட்டா, சரி போகட்டும்னுதான் நின்னேன். நீ வந்து மூளை இருக்கான்னு கேட்ட. ஒருத்தன் சிரிச்சான். அதுக்கப்புறம் எனக்கு ஒண்ணுமே தெரியல.”

செருப்பால் அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

“நீங்கதானப்பா வைக்கச் சொன்னது.”

“ஆமா. நாந்தான். நீ கத்துன, நான் வீம்புக்கு வச்சேன். ரெண்டு பேரும்தான் சேந்து வச்சோம்.” அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. சோற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்தார், வத்தல் தூசி பட்டுத் துடித்தார். தண்ணீர் எடுத்துக் கண்ணில் அடித்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீ டெல்லிக்குப் போயிரு. இங்கன எதையும் பாக்காத. நீயாச்சும் போயிரு.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனார்.

அப்பா பொய் சொல்கிறாரா? இல்லை. அவரை எனக்குத் தெரியும், நான் அவர் மகள், எனக்கும் அதே வீம்பு. ஞாயிற்றுக்கிழமை அவரே வரட்டும் என்று உட்கார்ந்திருந்தேனே.

படிப்பில் அழகழகான சொல் இருக்கிறது. அச்சுறுத்தல் மதிப்பீடு. எச்சரிக்கைக் குறி. எந்தப் புத்தகத்திலும் இதற்கு ஒரு பக்கம் இல்லை: அப்பன் மகள் சண்டை, ஒருவன் சிரித்தது.

அன்றைக்குக் கத்தினேன், நாலு பேர் போனார்கள். இன்றைக்கு வாயை மூடினால் முருகேசன் போவார். டெல்லி, டெல்லி, டெல்லி. எனக்கு வேண்டும். வேண்டாம் என்று சொல்ல நான் என்ன துறவியா? பள்ளிக்கூடத்திலிருந்து ஆசைப்பட்டது. மேசையில் அந்தக் கடிதத்தின் பிரிண்ட். தூக்கிப் போடவும் முடியவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 16, சனி

காலையில் எஸ்.ஐ. வந்தார். வெடிவிபத்து வழக்குக்கு இல்லை. என் உதவித்தொகை சரிபார்ப்புக்கு. இவ்வளவு சீக்கிரம் வருவார் என்று நினைக்கவில்லை. நடு வயது, சோர்ந்த முகம், மடியில் ஒரு கோப்பு. பிரபு இல்லை, வக்கீல் வீட்டுக்குப் போயிருந்தான். அம்மா காபி போட உள்ளே போனாள்.

“சுகந்திங்கிறது நீங்கதானம்மா? தலையில என்ன, கட்டு?”

“விழுந்துட்டேன் சார்.”

ஒரு பார்வை பார்த்தார். மேலே கேட்கவில்லை. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறீர்கள், எங்கே படித்தீர்கள், பாஸ்போர்ட் உண்டா. எழுதிக்கொண்டே வந்தார்.

“உங்க மேல எந்த வழக்கும் இல்ல. அப்பா கம்பெனி விசயம் வேற ஸ்டேஷன், அவுக பாத்துக்குவாக. நீங்க கம்பெனியில பங்குதாரரும் இல்ல. ‘ஆட்சேபணை இல்லை’ன்னு போட்டு இன்னைக்கே அனுப்பிடுறேன். நம்ம ஊர்ல இருந்து ஒரு பொண்ணு இம்புட்டுத் தூரம் போறது பெரிய விசயம்மா. நல்லாப் படிங்க.”

பேனா அந்தக் கட்டத்தின் மேல் வந்துவிட்டது.

“சார், எழுதாதீங்க.”

நிமிர்ந்தார்.

“சனிக்கிழமை நான் கம்பெனியில இருந்தேன். மிச்ச மருந்த உள்ள வைக்கச் சொன்னது யாருன்னு பாத்தேன்.”

கத்தவில்லை. என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் பேனாவை மூடினார். உள்ளே பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது.

“அம்மா, இத நான் கேக்கல. நான் வந்த வேலையும் இது இல்ல. இப்ப நீங்க சொன்னா நான் எழுதி அந்த ஸ்டேஷனுக்கு அனுப்பணும். நீங்க சாட்சி ஆயிருவீக, அதுவும் சொந்த அப்பாவுக்கு எதிரா. இந்தக் காகிதத்துலயும் ‘வழக்கில் தொடர்பு உண்டு’ன்னு நான் போட்டாகணும். டெல்லியில என்ன முடிவு எடுப்பாகன்னு எனக்குத் தெரியாது. காபி குடிக்கிற வரைக்கும் யோசிங்க. நான் ஒண்ணும் கேக்காத மாதிரியே போயிடுறேன்.”

நல்ல மனிதராக இருந்து தொலைக்கிறார்கள் எல்லாரும்.

“யோசிச்சுட்டேன் சார்.”

“அப்பாவ ஜெயிலுக்கு அனுப்பிட்டு, அந்த வீட்டுலயே இருந்துருவீகளா?”

“தெரியல.”

“எதுக்கும்மா அப்ப?”

“முருகேசன் வீட்டக் கொளுத்தப் போறாங்க. நான் எங்க அப்பா மேல கத்துனேன், அவரு கோபத்துல வைக்கச் சொன்னாரு. அதையும் எழுதுங்க.”

“நீங்க கத்துனது வழக்குக்குத் தேவையில்லம்மா.”

“தேவைதான் சார். அதுதான் நடந்தது.”

கோப்பை மூடித் தனியாக வைத்துவிட்டு, பையிலிருந்து வேறு தாள் எடுத்தார். “சரி. அன்னைக்கு அங்கன இருந்தவுக பேரு ஒவ்வொண்ணாச் சொல்லுங்க. மொதல்ல யாரு?”

“ஈஸ்வரின்னு எழுதுங்க. அவங்க கொட்டத்தான் தூக்கிட்டு வந்தாங்க.”

எழுதினார். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள்.